பிடித்த மீனைப் பிழைக்க விடும் முறை

தூத்துக்குடிக்கு வடமேற்கே, ஓட்டப்பிடாரம் ஒன்றியத்தைச் சேர்ந்த புதியம்புத்தூரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் கரிசல் மண்ணை நம்பி வாழ்பவை. இங்கே வற்றாத ஆறு இல்லை. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தரும் நீரே கண்மாய்க்கு வந்து சேருகிறது. மாசி பிறந்ததும் அந்நீர் குறையத் தொடங்குகிறது. பங்குனி, சித்திரையில் பல கண்மாய்கள் வெடித்த களிமண்ணாகக் காட்சியளிக்கின்றன. இத்தகைய நிலப்பகுதியில் மீன் வளர்ப்பைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் நீர் நிற்கும் நான்கைந்து மாதங்களில் மீன் வளரத்தான் செய்கிறது. மீன்பாசிக் குத்தகையால் பஞ்சாயத்துக்கு வருவாயும், பிடிப்போருக்குக் கூலியும், ஊராருக்கு நல்ல உணவும் கிடைக்கின்றன.

மீன் குஞ்சு விடுவது பற்றியும் தீவனம் இடுவது பற்றியும் பலர் எழுதியும் பேசியும் வருகின்றனர். ஆனால், பிடித்த மீனை மறுபடியும் நீரில் விடவேண்டி நேரும்போது அதனை எவ்வாறு கையாளுவது என்பது பற்றி எவரும் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. நாமும் ஒரு காலத்தில் எண்ணிப் பார்த்ததில்லை. அதனால் நேர்ந்த நஷ்டத்தை முதலில் கூறிவிடுவது முறையாகும்.

நாம் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன், எம் பொறுப்பில் இருந்த சிற்றூர் ஒன்றில் மகளிர் சுய உதவிக் குழுவினர் கண்மாயைக் குத்தகைக்கு எடுத்து, கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளை விட்டிருந்தனர். அவ்வாண்டு மழை முன்னதாகவே நின்றுவிட்டது. மாசி முடிவதற்குள் கண்மாயில் முழங்கால் அளவு நீரே எஞ்சியது. மீன்களோ ஒரு சாண் நீளம்கூடத் தேறவில்லை. அந்நிலையில் விற்றால் போட்ட முதலும் திரும்பாது. அருகில் ஆழமான பண்ணைக்குட்டை ஒன்றில் நீர் நிறைய இருந்தது. மீன்களை அங்கே மாற்றிவிட்டால் ஆடி வரையில் வளர்த்து விற்கலாம் என்று நாம் யோசனை கூறினோம். கூறியதோடு நில்லாமல், முன்னின்று நடத்தவும் செய்தோம்.

வேலை தொடங்கும்போது பகல் பதினொரு மணி. வலையைக் கரைவரையில் இழுத்து, மீன்களைச் சேற்றோடு அள்ளி, உலர்ந்த சாக்குகளில் கொட்டி, அங்கிருந்து பெரிய நீலப் பீப்பாய்களுக்கு மாற்றினோம். பீப்பாய்களில் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று அப்பொழுதுதான் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்த நீரை நிரப்பியிருந்தோம். குட்டைக்கரைக்குச் சென்றதும் பீப்பாயைச் சாய்த்து மீன்களைக் கொட்டினோம். மீன்கள் நீந்திச் சென்றன. யாவரும் கைதட்டினர். மறுநாள் காலையில் குட்டை முழுவதும் வெள்ளை வயிறுகள் மிதந்தன. மூன்றாம் நாள் வரையில் மீன்கள் மடிந்துகொண்டே இருந்தன. அக்குட்டையில் நீர் குடிக்க வந்த ஆடுமாடுகள் நாற்றம் தாளாமல் திரும்பின.

குழுவில் வயது முதிர்ந்த ஆச்சி ஒருவர் இருந்தார். இளமையில் மீன் கூடை சுமந்து ஊர் ஊராக விற்றவர். அவர் நம்மைக் கடிந்து பேசவில்லை. “ஐயா, இது ராத்திரி செத்த மீன் இல்லை. நேத்து நாம தூக்கினபோதே செத்துப்போச்சு. தெரிய ஒரு நாள் ஆச்சு, அவ்வளவுதான்” என்றார். குழுவினரின் சேமிப்புப் பணம் எம் அவசரத்தால் அழிந்தது. அதன் பின்னரே மீன்துறை அலுவலர்களிடமும் அனுபவமுள்ள மீனவர்களிடமும் கேட்டறிந்தோம். அன்று நாம் செய்த ஒவ்வொரு செயலும் தவறானதே என்பது விளங்கிற்று. அத்தவறுகளின் காரணத்தையும், அவற்றைத் தவிர்க்கும் வழியையும் இங்கே விளக்க விரும்புகிறோம்.

மீனின் உடல் அமைப்பு

மீனைத் தொட்டால் வழுவழுப்பாக இருப்பதை யாவரும் அறிவோம். அந்த வழுவழுப்பு அழுக்கன்று. அதுவே மீனின் கவசம். செதிலின் மேல் படர்ந்துள்ள அந்தக் கொழகொழப்பான பூச்சு, நீரிலுள்ள கிருமிகளும் காளான்களும் உடலுக்குள் புகாமல் தடுக்கிறது. உலர்ந்த கையால் பிடித்தாலும், சாக்கில் உருட்டினாலும், தரையில் துள்ள விட்டாலும் அந்தப் பூச்சு உரிந்துபோகிறது. செதிலும் பெயர்ந்துவிடுகிறது. அவ்விடத்தில் ஓரிரு நாட்களில் பஞ்சு போன்ற காளான் பற்றுகிறது. மீன் பிழைத்துவிட்டது என்று நாம் நினைத்திருக்கும்போதே, அது மெல்ல மெல்ல மடிந்துவிடுகிறது.

இரண்டாவது, செவுள். நமக்கு நுரையீரல் எப்படியோ, மீனுக்குச் செவுள் அப்படி. இரத்தம் நிறைந்த மெல்லிய இழைகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. நீரில் இருக்கும்வரை அவை விரிந்து நின்று, நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை ஈர்த்துக்கொள்கின்றன. நீரைவிட்டு வெளியே எடுத்த உடனே அவ்விழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சுற்றிலும் காற்று நிறைய இருந்தும் மீன் மூச்சுத் திணறுவதற்கு இதுவே காரணம். கரிசல் கண்மாயில் வலையை இழுக்கும்போது அடிக்களி கலங்கி எழுகிறது. அந்த நுண்ணிய களி செவுளில் படிந்தால் திணறல் இன்னும் கடுமையாகும்.

மூன்றாவது, நீரிலுள்ள பிராணவாயுவின் அளவு. நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்து நிற்கக்கூடிய பிராணவாயு குறைகிறது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீர் லிட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறையும். 35 டிகிரியில் ஏழுக்கும் சற்றுக் குறைவே. அதே சமயத்தில் மீனின் தேவையோ வெப்பத்தோடு சேர்ந்து உயர்கிறது. வரவு குறைந்து செலவு மிகும் குடும்பத்தின் நிலைதான் நடுப்பகலில் பிடிபட்ட மீனின் நிலையும். போதாக்குறைக்கு, வலைக்குள் துள்ளித் துள்ளி அது தன் வலிமை அனைத்தையும் இழந்திருக்கிறது.

ஆழ்துளைக் கிணற்று நீரை உடனே பயன்படுத்தியது ஏன் தவறு என்பதும் இப்பொழுது விளங்கும். நிலத்தடியிலிருந்து வரும் நீர் தெளிவாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தாலும், காற்றோடு கலவாத காரணத்தால் அதில் பிராணவாயு மிகக் குறைவாகவே இருக்கும். குளோரின் கலந்த குழாய்நீரோ செவுளையே சுட்டுவிடும். மீனை எந்த நீரிலிருந்து எடுத்தோமோ அந்த நீரிலேயே வைப்பதுதான் பாதுகாப்பான வழி.

எந்த மீனை விடுவது? எங்கே விடுவது?

மீனை எடுக்குமுன் இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை கண்டாக வேண்டும். கட்லா, ரோகு, மிருகால் ஆகியவை தேங்கிய கண்மாய் நீரில் இனப்பெருக்கம் செய்வதில்லை. முன்னாளில் அவற்றின் குஞ்சுகளை வடநாட்டு ஆறுகளிலிருந்தே சேகரிக்க வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், ஒடிசாவின் அங்குல் என்னுமிடத்தில் விஞ்ஞானி ஹீராலால் சௌதுரி, ஊசி மருந்தின் மூலம் வளர்ப்புக் கெண்டையை முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். அந்நாளையே தேசிய மீன் விவசாயிகள் தினமாக இன்று கொண்டாடுகிறோம். இன்று பண்ணைகளில் குஞ்சு கிடைப்பது அம்முயற்சியின் பயனே.

ஆகவே சிறிய கட்லாவையோ ரோகுவையோ கண்மாயில் திருப்பி விடுவது, இனம் பெருகும் என்ற நோக்கத்தில் அன்று. அது வளர்ந்து எடை கூடட்டும் என்ற நோக்கத்திலேயே. நீர் இன்னும் இரண்டு மூன்று மாதம் நிற்குமானால் விடலாம். பதினைந்து நாளில் வற்றிவிடும் என்றால், அங்கேயே விடுவது வீண். வற்றாத குட்டைக்கு மாற்ற வேண்டும்; வசதி இல்லையேல் உணவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

விரால் மீனின் கதை வேறு. அது மழைக்காலத்தில் தேங்கிய நீரிலேயே முட்டையிட்டு, குஞ்சுகள் கூட்டமாக நீந்தும்போது உடன் சென்று காவல் காக்கும். காவல் நிற்கும் விராலைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். அக்காலத்தில் வலையில் சிக்கிய தாய் விராலைக் காயமின்றிப் பிடித்த இடத்திலேயே விடுவது, அடுத்த ஆண்டுக்கான முதலீடு. தூண்டில்காரரும் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

திருப்பி விடக்கூடாத மீன்களும் உண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பது நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டுள்ளது. அது மற்ற மீன்களை விழுங்கி, நம் நாட்டு இனங்களை ஒழித்துவிடும். வலையில் அகப்பட்டால் நீரில் விடலாகாது. 1952ஆம் ஆண்டில் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையும், கண்மாயில் அளவுக்கு மீறிப் பெருகி, மற்ற மீன்களின் தீவனத்தைப் பங்கு போட்டுக்கொள்வதாகும். அதனையும் பிடித்தபின் விடாமல் உணவுக்குக் கொள்வதே நலம். கண் பிதுங்கியும் செவுளில் இரத்தம் கசிந்தும் காணப்படும் மீன், எந்த இனமாயினும் பிழைப்பது அரிது. அதனை விட்டு நீரைக் கெடுப்பதைவிட, அன்றைய சமையலுக்கு அனுப்புவது மேல்.

முன்னேற்பாடுகள்

வலை நீரில் இறங்குமுன் எல்லாம் தயாராக இருத்தல் வேண்டும். மீனைக் கையில் வைத்துக்கொண்டு பாத்திரம் தேடுவது, விருந்தினரை அமர்த்திவிட்டு அடுப்பு மூட்டுவதைப் போன்றது.

முதலில் மீனை விடப்போகும் நீரைச் சோதித்து, அங்கே ஏற்கெனவே உள்ள மீன்கள் நலமாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதிகாலையில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுமானால், அந்நீரில் பிராணவாயு போதவில்லை என்று பொருள். அங்கே மேலும் மீனை விடலாகாது.

அடுத்து, கொசுவலைத் துணியால் தைத்த பெட்டி வலை ஒன்று தேவை. 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் 1 மீட்டர் ஆழமும் இருந்தால் போதும். நான்கு மூலைகளிலும் கம்பு நட்டு, நீருக்குள் தொட்டில் போலக் கட்டிவிடலாம். புதியம்புத்தூர் ஆயத்த ஆடைத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். தையல் இயந்திரம் ஓடாத தெரு இங்கே குறைவு. முடிச்சில்லாத மென்மையான துணியில் பெட்டி வலையும் கைவலையும் தைத்துக்கொள்ள நாம் வெளியூர் செல்ல வேண்டியதில்லை. நமது குழுவினர் பின்னர் உள்ளூரிலேயே தைத்துக்கொண்டனர்.

பிடித்த மீனைப் பெட்டி வலையில் ஓர் இரவு தீவனமின்றி வைத்திருந்து, பின்னர் கொண்டு செல்வது நல்லது. வயிறு காலியான மீன் வழியில் நீரை அசுத்தப்படுத்தாது. நெருக்கடியைத் தாங்கவும் அது பழகிவிடும். பலவீனமானவை இரவிலேயே தெரிந்துவிடும், அவற்றைப் பிரித்துவிடலாம்.

அகன்ற வாயுள்ள அண்டாக்கள், மூடுவதற்கு வலைத்துணி, நிழலுக்கு ஓர் ஓலைப் பந்தல், நனைந்த துணிகள், ஒரு கடிகாரம், நான்கைந்து ஆட்கள் ஆகியவை இருந்தால் ஏற்பாடு முடிந்தது.

வேளையும் வலையும்

கோடையில் பகல் ஒன்பது மணிக்குப் பின் இவ்வேலையில் இறங்கலாகாது. அதிகாலையே தகுந்த நேரம். ஆயினும் ஒரு நுட்பம் உண்டு. இரவில் பாசியும் நீர்ச்செடிகளும் பிராணவாயுவை உண்டாக்குவதில்லை. மாறாக அவையும் அதனைச் செலவிடுகின்றன. ஆதலால் விடியுமுன் நீரில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும். பாசி அடர்ந்த கண்மாயானால் கதிரவன் தோன்றிச் சற்று நேரம் சென்றபின் தொடங்குவது நன்று. வானம் மூடி, புழுக்கமாக உள்ள நாளில் இவ்வேலையை ஒத்திவைப்பதே அறிவுடைமை.

திருப்பி விடவேண்டிய மீனுக்குச் செவுள்வலை ஆகாது. அது மீனைச் செவுளில் மாட்டிப் பிடிக்கும் வலை. சிக்கிய மீன் பெரும்பாலும் காயப்படும். முடிச்சு சிறிதான இழுவலையை மெதுவாக இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் எல்லா மீனையும் பிடித்துவிடும் ஆசை கூடாது. வலையைக் கரையில் ஏற்றாமல், முழங்கால் நீரிலேயே அதன் மடியை நிறுத்தி, மீன் நீரில் இருக்கும்போதே சிறு கைவலையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். கலங்கல் மிகுந்திருந்தால், மீனைப் பெட்டி வலையில் இட்டதும் தெளிந்த நீரை மேலே ஊற்றிச் செவுளில் படிந்த களியைக் கழுவலாம்.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் கோடையில் ஊர் கூடி நடத்தும் மீன்பிடித் திருவிழாவை அன்பர்கள் பலர் கண்டிருப்பீர்கள். ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக நூற்றுக்கணக்கானோர் ஒரே சமயத்தில் இறங்கும் காட்சி இனியதே. ஆனால் சேறு குழம்பிய அந்நீரில் எஞ்சிய குஞ்சுகள் பிழைப்பதில்லை. காப்பாற்ற வேண்டிய மீன்கள் இருந்தால், திருவிழாவுக்கு முன்னரே அவற்றை மாற்றிவிட வேண்டும்.

கையால் பிடிக்கும் முறை

கையை அந்நீரிலேயே நன்றாக நனைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கை தலைக்குப் பின்னே வயிற்றின் கீழும், மற்றொரு கை வாலின் அடியிலுமாக மீனைப் படுக்கை வாட்டத்தில் தாங்க வேண்டும். வயிற்றை அழுத்தினால் உள்ளுறுப்புகள் நசுங்கும். செவுளுக்குள் விரலை விடுவதும், கண்களைப் பிடித்துத் தூக்குவதும், வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் அறவே கூடாதவை. மீன் துள்ளினால் இறுக்கிப் பிடிக்காமல், நீர்மட்டத்திலேயே வைத்து நனைந்த துணியால் அதன் கண்களை மூடினால் அது அடங்கும். எடை பார்க்க வேண்டுமானால், மீனை நேரே தராசில் கிடத்தாமல், நீருள்ள வாளியோடு நிறுத்து, வாளியின் எடையைக் கழித்துக்கொள்ளலாம்.

மீனை நீருக்கு வெளியே எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்? எளிய அளவுகோல் ஒன்று உண்டு. மீனை வெளியே எடுக்கும்போது நாமும் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். நமக்கு மூச்சு முட்டத் தொடங்குமுன் அது நீருக்குள் சென்றிருக்க வேண்டும். விரால், தேளி, பனையேறிக் கெண்டை போன்றவை வெளிக்காற்றையும் சுவாசிக்கக் கூடியவை. அவை சற்றுக் கூடுதலாகத் தாங்கும். ஆயினும் அவற்றின் தோலும் உலர்ந்துவிடலாகாது.

பிடிப்பவரின் பாதுகாப்பும் கருதத்தக்கது. தேளி மீனின் மார்புத் துடுப்பு முள்ளில் நஞ்சு உண்டு. கெளுத்தியின் முள்ளும் ஆழமாகக் குத்தும். இவற்றைக் கைவலையாலேயே எடுக்க வேண்டும். குத்திவிட்டால் காயத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் அவ்விடத்தை அமிழ்த்தி வைத்தால் கடுப்புத் தணியும். நீரின் சூட்டைக் குத்துப்படாத மற்றொரு கையால் முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று காட்டிவிட வேண்டும். கோடையில் கரிசல் கண்மாயின் அடிச்சேறு காலை உள்ளே இழுக்கும் தன்மையது. குழந்தைகளைத் தனியே இறங்க விடலாகாது.

உப்புநீர்க் குளியல்

நமது கடற்கரையில் விளையும் கல்லுப்பே மீனுக்கு நல்ல மருந்து. 10 லிட்டர் கண்மாய் நீரில் 200 கிராம் கல்லுப்பை முழுவதும் கரைத்து, மீன்களைக் கைவலையோடு ஒரு நிமிட நேரம் அமிழ்த்தி எடுத்தால், சிறு காயங்களில் காளான் பற்றுவதும் ஒட்டுண்ணிகள் தங்குவதும் பெரிதும் குறையும். கடிகாரம் இன்றி இதனைச் செய்யலாகாது. மீன் ஒருபுறம் சாயத் தொடங்கினால், நிமிடம் முடியாவிட்டாலும் உடனே எடுத்துவிட வேண்டும். களைத்துக் கிடக்கும் மீனை முதலில் தெளிந்த நீரில் ஓய்வெடுக்க விட்டு, பின்னரே உப்புநீருக்குக் கொண்டுவர வேண்டும்.

கொண்டு செல்லுதல்

அண்டாவில் அதே கண்மாயின் தெளிந்த நீரை ஊற்றி, மீன்களை நெருக்கமின்றி இட வேண்டும். ஒரே நடையில் முடிப்பதற்காகக் குவிப்பதைவிட, இரண்டு நடை செல்வது சிக்கனம். வழியில் நீர் தளும்பி மீன்கள் பாத்திரத்தில் மோதாதிருக்க, குடத்துநீரில் ஓலைத்துண்டு மிதக்க விடும் நம் பெண்களின் பழக்கத்தைப் பின்பற்றலாம். மேலே நனைந்த துணியால் மூடினால் வெயிலும் படாது, மீனும் துள்ளி விழாது. தூரம் அதிகமானால், செம்பால் நீரை மொண்டு உயரத்திலிருந்து அண்டாவிலேயே ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். விழும் நீர் காற்றைத் தன்னோடு இழுத்துச் செல்லும். மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுக்கருவி கிடைத்தால் இன்னும் நன்று. நெடுந்தூரமாயின், பண்ணையில் செய்வதைப் போல நெகிழிப் பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் எஞ்சிய இடத்தில் பிராணவாயுவும் அடைத்து அனுப்புவதே தக்கது. மடிந்த மீனைக் கண்டவுடன் அகற்றிவிட வேண்டும்.

நீரில் விடுதல்

இங்கேதான் பலரும் அவசரப்படுகின்றனர். மீனுக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. சூழ்ந்துள்ள நீரின் வெப்பமே அதன் உடல் வெப்பம். வெதுவெதுப்பான நீரிலிருந்து குளிர்ந்த நீருக்குத் திடீரென்று மாற்றினால் அது அதிர்ந்துபோகும். ஆகவே அண்டாவையோ பையையோ புதிய நீரில் 15 முதல் 20 நிமிடம் வரையில் மிதக்க விட வேண்டும். பின்னர்ச் சிறிது சிறிதாகப் புதிய நீரைப் பாத்திரத்தினுள் சேர்க்க வேண்டும். இரு நீரின் வெப்பமும் ஒத்து வந்தபின், பாத்திரத்தின் வாயை நீருக்குள் சாய்த்துப் பிடித்தால், மீன்கள் தாமே நீந்தி வெளியேறும். உயரத்திலிருந்து கொட்டுவதும் வீசுவதும் வேண்டாம்.

களைத்த மீன் ஒருபுறம் சாயுமானால், அதனை நிமிர்த்தி, தலை முன்னோக்கி இருக்குமாறு நீருக்குள் தாங்கிப் பிடிக்க வேண்டும். முன்னும் பின்னும் வேகமாக ஆட்டக்கூடாது. நீர் வாய் வழியாக நுழைந்து செவுள் வழியாக வெளியேறுவதே இயல்பு. அது தானே உந்திச் செல்லும் வரையில் காத்திருக்க வேண்டும்.

விட்டவுடன் வேலை முடிந்துவிடவில்லை. மறுநாள் காலையும், தொடர்ந்து ஒரு வாரமும் கரையைச் சுற்றிப் பார்த்து, மடிந்தவற்றை எண்ணி எழுதி, எடுத்துப் புதைக்க வேண்டும். நீந்திச் சென்ற மீன் எல்லாம் பிழைத்த மீன் அன்று. ஒரு வாரத்திற்குப் பின் எஞ்சிய கணக்கே உண்மையான கணக்கு.

பஞ்சாயத்தார் கவனத்திற்கு

மேற்கூறியவை தனியொருவர் செய்யக்கூடியவை. சில காரியங்களைப் பஞ்சாயத்தே செய்ய வேண்டும். மீன்பாசி ஏலம் விடும்போதே, சிறு மீன்களைத் திருப்பி விடுவதையும், காவல் நிற்கும் விராலைப் பிடியாதிருப்பதையும், பொருத்தமான கண்ணுள்ள வலைகளையே பயன்படுத்துவதையும் நிபந்தனைகளாக எழுதிக்கொள்ளலாம். நீரில் நஞ்சு கலந்தோ வெடி வைத்தோ மீன் பிடிப்பது 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் ஏலத்தின்போது யாவரும் அறியப் படித்துக் காட்ட வேண்டும்.

கண்மாயைத் தூர் வாரும்போது, மடைக்குச் சற்று உள்ளே ஆழமான மடு ஒன்றை அமைக்க வேண்டும். நீர் வற்றி வரும் காலத்தில் மீன்கள் தாமே அங்கே ஒதுங்கும். கால்நடைகளுக்கும் சில வாரம் கூடுதலாகக் குடிநீர் கிடைக்கும். மீனைக் கையால் தொடாமலே காப்பாற்றும் வழி இதுவே. கண்மாயில் அளவுகோல் ஒன்றை நட்டு, நீர் இடுப்பளவுக்குக் குறைந்ததுமே மாற்றுவதா விற்பதா என்று முடிவு செய்ய வேண்டும். நீர் கணுக்காலுக்கு வந்தபின் கூடும் கூட்டத்தால் பயனில்லை. ஐயம் ஏற்படின், மீன்துறை அலுவலரையோ, 1977ஆம் ஆண்டு முதல் தூத்துக்குடியில் நடைபெற்று வரும் மீன்வளக் கல்லூரியையோ அணுகலாம்.

நமது மாவட்டத்துக் கடற்கரை மீனவர்களிடமிருந்தும் நாம் பாடம் கற்கலாம். 2001ஆம் ஆண்டு முதல் சட்டப் பாதுகாப்புப் பெற்றுள்ள திமிங்கலச் சுறாவும், கடல் ஆமையும் கடற்பசுவும் வலையில் சிக்கும்போது, விலைமதிப்புள்ள வலையை அறுத்துக்கூட அவற்றை உயிருடன் கடலில் விட்டவர்கள் உண்டு. உயிருடன் விடுவது என்பது, பிழைக்கும்படி விடுவது என்பதை அவர்கள் உணர்ந்திருக்கின்றனர்.

மறு ஆண்டு அதே குழுவினர் மீண்டும் குஞ்சு விட்டனர். எம் யோசனையைக் கேட்பார்களோ என்ற தயக்கம் எமக்கு இருந்தது. அவர்கள் கேட்டார்கள், ஆனால் இம்முறை முன்னின்று நடத்தியவர் ஆச்சி. பெட்டி வலை, ஓலைப் பந்தல், நனைந்த துணி, உப்புநீர் எல்லாம் முதல்நாளே தயாராயின. காலை எட்டரை மணிக்குள் வேலை முடிந்தது. மறுநாள் நாம் குட்டைக்கரைக்குச் சென்றபோது, ஏழெட்டு மீன்கள் மட்டுமே மிதந்தன. ஆச்சி அவற்றை எண்ணி, எம்மிடம் கூறி, கணக்கு நோட்டில் எழுதச் செய்தார். ஆடியில் அம்மீன்கள் விற்பனைக்கு வந்தபோது, முந்திய ஆண்டு இழந்ததில் ஒரு பகுதியைக் குழுவினர் மீட்டனர்.

வானம் பார்த்த பூமியில் வாழும் நமக்கு நீரும் அரிது. நீரில் வளரும் மீனும் அரிது. நனைந்த கையும், நிழலும், இருபது நிமிடப் பொறுமையும் இருந்தால் இழப்பைப் பெரிதும் தவிர்க்கலாம். இவ்வாண்டு கண்மாய் வற்றுமுன் இதனைக் கிராம சபையில் பேசி முடிவு செய்யுமாறு பஞ்சாயத்து உறுப்பினர்களையும் விவசாயிகளையும் கேட்டுக்கொள்கிறோம்.